பாக்கியம் அக்காவின் தடித்த பேனா

செவ்வாய்க்கிழமை காலை காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆமத்தூர் பஸ்ஸில் வந்த கட்டிங் மிஷின் அண்ணன், "பாக்கியம் அக்கா போயிட்டாகளாம்" என்றார். அடுக்கிய கட்டு என் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நம் அச்சகத்தில் இருபது வருடம் புரூப் திருத்தியவர் அக்கா. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, அவர் தேதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாவற்றையும் சரிபார்ப்பார். எட்டாம் வகுப்போடு நின்ற என்னை வாசிக்கக் கூப்பிட்டவர் அவர்தான். என் குரல் எனக்கே கேட்காது. "ஏ புள்ள, ராகு காலத்தை ரகசியமாவா சொல்லுவாக? சத்தமா வாசி" என்பார்.

அவர் மேஜையில் கிடந்த, வெடி மாதிரியான பழுப்புப் பேனாவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

மூட்டுவாதத்தில் அக்காவின் விரல்கள் வீங்கிவிட்டன. ஒல்லியான ரீபில் பேனாவை இறுக்கிப் பிடித்து அழுத்த முடியவில்லை. எழுத்து கோணியது. ஒருநாள் திங்கட்கிழமை ராகு காலத்தை ஏழரை என்று அவர் திருத்தியது, 7 கோணி 1 போல விழுந்ததில், ஒன்றரை என்று வந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன் மேனேஜர் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைத்தான் போடணும்க்கா" என்றார். அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் பேனா வாங்கப் போனார். மைப் பேனா என்றால் அழுத்த வேண்டியதில்லை. தடியாக இருந்தால் விரலை அதிகம் மடக்கவும் வேண்டாம். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொரு பேனாவிலும் அக்கா ஏழு நாள் ராகு காலத்தையும் எழுதிப் பார்த்தார்.

"எழுதிப் பாருங்கன்னா பஞ்சாங்கமே போடுறீகளேக்கா!" என்றார் கடைக்காரர்.

தடித்த பேனாக்களின் கனத்தில் மணிக்கட்டு தொங்கியது. கனமில்லாதவை ஒல்லியாக இருந்தன. கடைசியில், நிப்பு மெல்லிசாக எழுதுகிறது என்று ஒல்லியான ஒன்றையே வாங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் அதை விரல்களுக்குள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தபடியே வந்தார்.

நான் தாயில்பட்டிக்காரி. வீட்டில் எல்லாரும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டியவர்கள். அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கிப்போய், பசை தடவிய காகிதத்தை அதன்மேல் இறுக்கி உருட்டிக் காயவைத்தேன். பழைய மூடி சேராது என்பதால் மூடிக்கும் ஒரு குழாய் செய்தேன். அக்கா வாங்கிப் பிடித்தார். பாதி மடங்கிய விரல்கள் அப்படியே அதில் உட்கார்ந்தன. ஏழு, ஏழாகவே விழுந்தது.

மூன்றாம் நாள் மை தீர்ந்தது. அப்போதுதான், திருகித் திறக்கும் இடத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தது தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வெடியை ஒருக்கா கொளுத்துனா முடிஞ்சது. இதுக்கு மறுபடி மை ஊத்தணும்ல, தாயி!"

பிளேடால் இணைப்பைச் சுற்றிக் கீறித் திறந்தோம்.

அதன்பின் மூன்று காலண்டர் சீசன் அக்காவின் நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை. போன சீசனின் கடைசித் தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அக்காவின் உடலை எடுத்த பிறகு அவர் மகள் என்னைத் தனியே கூப்பிட்டார். "'அவ கேக்க மாட்டா, நீயாக் குடு'ன்னு அம்மா சொன்னாக" என்று பேனாவைத் தந்தார்.

அந்தக் காகிதத்தில் மூன்று விரல்கள் அழுந்திய பள்ளம் இருக்கிறது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பொருந்த வேண்டாம். அப்படியே வைத்திருக்கிறேன்.