நாலாவது திரை

எங்கள் தையல்கூடத்தில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். கதவோ பலகையோ, எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளந்துவிடுவார். அரங்குகளுக்குத் திரை தைப்பதுதான் எங்கள் தொழில். அவரும் அவர் தம்பியும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று இருபது வருடம் துணி வெட்டினார்கள்.

வெல்வெட்டில் ரோமம் ஒரே திசையில் படிந்திருக்கும். மேசையில் விரித்தால் கண்ணுக்குப் பிடிபடாது, உள்ளங்கையால் தடவினால்தான் தெரியும். ஒருவர் தடவிப் பார்த்து, இன்னொருவரும் தடவிப் பார்த்த பிறகே கத்தரி வைப்பது அவர்கள் வழக்கம். ஒரு நாள் தம்பி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவசரத்தில், அங்குலம் தன் கையை மட்டும் நம்பி ஒரு திரையை வெட்டினார். எட்டுத் திரைகளும் மேடையில் தொங்கியபோது விளக்கு வெளிச்சத்தில் நாலாவது மட்டும் கறுத்து நின்றது. ரோமம் மேல்நோக்கிப் படியும்படி தலைகீழாக வெட்டியிருந்தார்.

"யார் வெட்டினது?" என்றார் முதலாளி.

"தம்பி."

அங்குலத்தின் வாய் முந்திக்கொண்டது. தம்பி அவரை ஒருமுறை பார்த்தான். கத்தரியை மேசையில் வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனவன்தான்.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, "என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க" என்றார்.

"அனுப்பினா நீ தப்பிச்சிடுவய்யா. அந்தத் திரை அப்படியே தொங்கட்டும். மாசாமாசம் நீயே போய்த் தூசி தட்டு."

முதலாளி ஆள் அனுப்பியும் தம்பி திரும்பவில்லை.

மற்ற ஏழு திரைகளையும் மேலிருந்து கீழே பிரஷ்ஷால் தள்ளினால் தூசி தரையில் விழும். நாலாவதைக் கீழிருந்து மேலேதான் தள்ள வேண்டும். ஏணியில் நிற்பவர் முகத்தில்தான் அத்தனையும் கொட்டும். பதினொரு வருடம் இது நடந்தது. தும்மிக்கொண்டே வீட்டுக்கு வருவார். "என்னங்க, இன்னைக்கும் உங்க தம்பியப் பாத்துட்டு வந்தாச்சா?" என்பார் மனைவி. அது கிண்டல்தான். அவர் மறுத்ததில்லை. அந்தத் திரையைத் தொடும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கை துணியைச் சுருங்காமல் இழுத்துப் பிடிப்பது போலவே அவருக்கு இருக்கும்.

இந்த மாதம் அரங்கத்தார் புதுத் திரை கேட்டார்கள். பழையதை இறக்கியபோது, "உனக்கு விடுதலைய்யா" என்றார் முதலாளி. அங்குலத்துக்கோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. தம்பிக்குப் போன் செய்தார். இத்தனை வருடம் எடுக்காதவன் எடுத்தான்.

"நாலாவத இறக்கியாச்சுடா."

தம்பி போனை வைக்கவில்லை.

"புதுத் துணி வந்திருக்கு. தடவிப் பாத்துட்டேன்."

"ரெண்டாவது கை யாருது?"

"யாருமில்ல."

"அப்போ வெட்டாத" என்றான். வைத்துவிட்டான்.

திட்டினானா, வருகிறேன் என்றானா, அவருக்குப் புரியவில்லை. மேசையின் எதிர்ப்பக்கம் பதினொரு வருடமாக அடுக்கிக் கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். துணியை முழுக்க விரித்தார். மறுநாள் முதலாளி வந்து, "எப்பய்யா வெட்டப்போற?" என்றார்.

"ஆள் வரணுங்க" என்றார், வாசலைப் பார்த்தபடி.