சிராஜுதீனின் பச்சைக் கோடு

சிராஜுதீன் பாய்க்கு உலகத்தில் இரண்டே வகை மெக்கானிக்குகள். ஒன்று அவர். மற்றவர்கள் எல்லாரும் மடையர்கள். பதினோரு வருஷம் சவுதியில் தம்மாமில் வேலை பார்த்துவிட்டு மேலப்பாளையத்துக்குத் திரும்பியவர், வண்ணார்பேட்டை பைபாஸில் பட்டறை போட்டார். போன வருஷம், இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியை அந்தரத்தில் தூக்கும் லிப்ட் ஒன்றும் வாங்கினார். அதன் பிறகு லிப்ட் இல்லாத எவனையும் அவர் மனுஷனாகவே மதிக்கவில்லை. பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்த பாவத்துக்கு, தினமும் அந்தப் பேச்சைக் கேட்பது என் தலையெழுத்து.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் பச்சை எனாமல் பெயின்ட்டைத் தொட்டு, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்பார்.

"இந்தக் கோடு ஒடையலன்னா என்னயத் தவிர வேற எவனும் தொடலன்னு அர்த்தம், அண்ணாச்சி. டீசல ஊத்தித் தேய்ச்சாலும் போவாது" என்பார். செப்பேடு வெட்டிக் கொடுத்த ராஜா என்று நினைப்பு.

எதிர்ச்சாரியில் இசக்கிமுருகனின் பட்டறை. அவனிடம் லிப்ட் கிடையாது. தரையில் வெட்டிய குழிதான். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, உள்ளே இறங்கி நின்று வேலை பார்ப்பான். பேச்சே இருக்காது. பாய் அவனுக்கு வைத்த பெயர் பெருச்சாளி. சித்ரலேகா டீச்சரின் மூன்று வாடகை வண்டிகள்தான் அவனுக்கு நிலையான வேலை. அவை போனால் குழியை மூடிவிட்டுக் கூடங்குளம் பக்கம் கூலிக்குத்தான் போகவேண்டும். பாயின் வாய் பொறுக்காமல்தான் டீச்சர் ஏழு மாதத்துக்கு முன்னால் பாயை விட்டு அவனிடம் மாறியிருந்தார்.

அந்த டீச்சர் போன வாரம் தன் எஸ்யூவியோடு பாயிடமே வந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எண்பதுல போனா பின்பக்கம் ஆடுது. வேகத்தடையில ஏறுனா கடக்கு கடக்குன்னு சத்தம். பாபநாசத்துக்குப் போன குடும்பம் பாதியில எறங்கி பஸ்ல போயிட்டாங்க. இசக்கி ஷாக் அப்சார்பர மாத்தியும் தீரல. அவன் தப்புன்னு நீங்க சொன்னா, மூணு வண்டியையும் இன்னைக்கே இங்கன கொண்டு வந்துருதேன்."

பாய்க்கு வாயெல்லாம் பல். "பெருச்சாளி கைய வச்சா அப்படித்தான் டீச்சர். ஒக்காருங்க."

வேலை தெரிந்த மனுஷன், அதை நான் மறுக்க முடியாது. பின்பக்க பம்பரை அமுக்கி விட்டார். வண்டி ஒருதரம் எழும்பி அப்படியே நின்றது. ஷாக் அப்சார்பரில் குறையில்லை. இரண்டு சக்கரத்துக்கும் மேலே உயரம் அளந்தார், ஸ்பிரிங்கும் சரி. பிறகு லிப்டில் ஏற்றினார். வேடிக்கை பார்க்க நானும் அடியில் போய் நின்றேன். பின் அச்சை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் கம்பியின் முனையில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அதில் லிவரைக் கொடுத்து நெம்பினார். ரப்பர் வாயைப் பிளந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி! சக்கரத்தத் தொங்க விட்டுக்கிட்டே போல்ட்ட முறுக்கியிருக்கான். தரையில எறக்குனா ரப்பரு திருகிக்கிட்டேலா கெடக்கும்? ஆறு மாசத்துல கிழிஞ்சிரும். வண்டி தரையில நிக்கும்போதுலா கடைசி முறுக்கு முறுக்கணும்? எந்த மடப்பய செஞ்ச வேலைவே இது!"

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த டீச்சருக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குழியில் வேலை செய்கிறவனுக்கு வண்டி எப்போதும் தரையில்தானே நிற்கும்? அவன் எங்கே சக்கரத்தைத் தொங்க விட்டான்? நான் கேட்பதற்குள் பாயே போல்ட்டின் மேல் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டிவிட்டார். உள்ளே பச்சைக் கோடு. போல்ட் தலையிலிருந்து இரும்புவரை ஒரு விரிசல் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், லிப்ட் வந்த புதிதில், ஏற்றி இறக்கி ஊருக்கே படம் காட்டிய குஷியில், சக்கரம் அந்தரத்தில் தொங்க அவரே மாற்றிய புஷ். சுத்தமாக மறந்திருக்கிறார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் சகிக்கவில்லை. ஒரு துணியை டீசலில் முக்கி, டீச்சருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். சீ, இதற்கா இவ்வளவு வாய்!

"போவாதுல்லா பாய்?" என்றேன் பைய.

"வாய மூடும்வே."

"என்ன சிராஜ், இசக்கி வேலைதானா?" டீச்சர் வெளியிலிருந்து கேட்டார்.

நான் எதிர்ச்சாரியைப் பார்த்தேன். இசக்கி குழியில் இறங்காமல், ஸ்பேனரைப் பிடித்தபடி இங்கேயே பார்த்து நின்றான். பெருச்சாளி என்று பாய் சொன்னபோதெல்லாம் பல்லைக் காட்டிச் சிரித்தவன் நானும்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் நானெல்லாம் ஒரு மனுஷனா?

"டீச்சர், கொஞ்சம் இங்கன வந்து..." என்று ஆரம்பித்தேன். பாய் துணியை எறிந்தார்.

"நானே சொல்லுதேன்." குரல் இறங்கியிருந்தது. "டீச்சர், உள்ள வந்து பாருங்க. இசக்கி இதத் தொடவேயில்ல. இது என் கோடு."

டீச்சர் வந்து அண்ணாந்து பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி இசக்கியைக் கூப்பிட்டார். அவன் வந்து கிழிந்த ரப்பரைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், தரையில் கிடந்த டீசல் துணியையும் பார்த்தான்.

பாய் குனிந்த தலை நிமிரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இசக்கி நாலு கேள்வி கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கோட்டை விரலால் ஒருதரம் தடவினான்.

"நல்ல பெயின்ட்டு, பாய்" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவிக்காக டீச்சரிடம் கையை நீட்டினான்.