தமிழ் தெரியாத நாங்கள்

டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. வாசல் தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியிலிருந்து வந்ததும், "அப்பா, பானி தோ நா" என்பாள். "தமிழ்ல சொல்லு, அப்பத்தான் தண்ணி" என்று தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். தாகத்தில் வந்த குழந்தையிடம் என்ன வீறாப்பு பாருங்கள்!

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை லீவில், புதிதாக வாங்கிய பழைய காரை டெல்லியிலிருந்து தஞ்சாவூர்வரை ஓட்டிக்கொண்டு போனேன். ரயிலில் போகலாம் என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் டெல்லி நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கிருந்து ஒரு நாள் நாகப்பட்டினம் பக்கம் கடல் பார்க்கக் கிளம்பினோம். மகளுக்கு அதுதான் முதல் கடல். அவள் இறங்கி ஓடத் துடித்தாள். எனக்குத்தான் கரையோரமாகக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கிறுக்குப் பிடித்தது. ஈர மணல் இறுகி ரோடு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் ஜோராகப் போனோம். படகுகளைக் கரையேற்றியிருந்த இடத்தில் ஒரு அம்மாள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வண்டிய நிறுத்து! வலை கெடக்கு, வலை!"

நன்றாகவே காதில் விழுந்தது. ஒதுங்கிப் போய்விடலாம் என்று மேட்டுப் பக்கம் திருப்பினேன். அங்கேதான் வலையே காய்ந்துகொண்டிருந்தது. சக்கரம் மணலில் புதைய, நான் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, நைலான் வலை சுருண்டு சுருண்டு சக்கரத்தில் ஏறிக்கொண்டது.

நாலைந்து பேர் சூழ்ந்துவிட்டார்கள். "கத்துறது காதுல விழல?" என்று ஒரு ஆள் ஜன்னலைத் தட்டினான். பயத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பையா, தமிழ் நஹீ மாலும்." தமிழ் தெரியாதாம் எனக்கு!

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து மகள், "அப்பா, நமக்கு..." என்று ஆரம்பித்தாள். "சுப் பைட்டோ!" என்று அதட்டினேன். அவளிடம் நான் பேசிய முதல் இந்தி அது.

அந்த அம்மாளின் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. "இந்திக்காரங்கடா. பாவம், நான் கத்துனது அவுங்களுக்கு என்ன வெளங்கும்? வலைய அறுத்து விடு. புள்ள வெயில்ல வாடுது."

"அறுத்துட்டு நாளைக்கு எதப் போட்டு மீன் புடிக்கிறதும்மா?" என்றான் ஜன்னலைத் தட்டியவன். அவள் மகன் போலிருக்கிறது.

"ரெண்டு நாள் கடலுக்குப் போவாட்டி குடியா முழுகிடும்? மொழி தெரியாத சனம், ஊரு விட்டு ஊரு வந்து தவிக்குது. அறுடா."

அவன் கத்தியை எடுத்து அறுத்தான். நான் இறங்கி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அப்போதாவது, "அம்மா, தப்பு என்னோடது, வலைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்துவிடுமே! எல்லாரும் சேர்ந்து காரைத் தள்ளிவிட்டார்கள். அந்த அம்மாள் என் மகள் கையில் ஒரு நுங்கைத் திணித்து, சாப்பிடு என்று சாடை காட்டினாள். நான் "ஷுக்ரியா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். சீ, அதெல்லாம் ஒரு பிழைப்பா!

மகள் கடலில் காலைக்கூட நனைக்கவில்லை. தஞ்சாவூர் வரும்வரை நுங்கு அவள் மடியில் அப்படியே இருந்தது.

டெல்லி திரும்பினோம். பள்ளி திறந்த அன்று வியர்த்து விறுவிறுத்து வந்தவள், "அப்பா, பானி" என்றாள். பழக்க தோஷம், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தமிழ்ல சொல்லு" என்றேன்.

குத்திக்காட்டுகிற வயதில்லை அவளுக்கு. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"நமக்குத்தான் தமிழ் தெரியாதேப்பா?"

தம்ளரைக் கொடுத்துவிட்டேன்.