றோட்டு எப்பிடித் தாழும்?

மண்டூருக்குப் போகும் பாதையில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். பாதை என்றால் எங்களுக்கு றோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான இரும்புப் படகு.

தடித்த கண்ணாடி, மடியில் கீரைப் பை. பக்கத்தில் இருப்பவர் கையில் எழுத்து என்று எது இருந்தாலும், மருந்துப் பெட்டி என்றாலும், எட்டிப் பார்த்து உரக்க வாசித்துவிடுவார்.

அன்று என் போனில் இருந்தது, என் முதல் நாவலை வெளியிடும்படி கேட்டுச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பவிருந்த கடிதம். அதன் முதல் வரியை எல்லோருக்கும் கேட்க வாசித்தார்: “பாதை தாழ்ந்துபோனதால் மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டில் தொடங்குகிறது என் நாவல்.”

பிறகு என்னைப் பார்த்தார். “ஏன் மனே, சென்னையில பாதை எண்டா றோட்டுத்தானே? றோட்டு எப்பிடித் தாழும்?”

“முழுப் புத்தகத்தையும் வாசிச்சா விளங்கும் அம்மா.”

“அத வாசிக்க வைக்கத்தானே மனே இந்தக் கடிதம்? தோணி எண்டு போடு.”

பாதையைத் தோணி என்று எழுத எனக்கு ரோசம் விடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, மறுபக்கத்தில் இருந்தவரின் லொத்தர் சீட்டை வாசிக்கத் திரும்பினார்.

பதிலும் நான் பாதையில் போகும்போதுதான் வந்தது. அந்த அம்மா எட்டிப் பார்ப்பார் என்ற நினைப்பில் போனைச் சற்றுச் சரித்துப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தது அவர் இல்லை, வேறு யாரோ. நானே உரக்க வாசித்தேன்:

“வணக்கம். சாலைப் பாதுகாப்பு நூல்களை நாங்கள் வெளியிடுவதில்லை.”