பதிலுக்குப் போனவள்

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தச் சந்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்திக்குப் போக முடியாவிட்டால் சந்திலிருந்தே இன்னொருத்தியை அனுப்பிவிடுவாள். அது அவர்களுக்குள் வழக்கம். முப்பிடாதியும் அப்படித்தான் அனுப்பினாள். அதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

அம்மாவின் பதினாறாம் நாளுக்கு அவள் முன்னாலேயே லீவு சொல்லியிருந்தாள். வைட்டிலாவில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளையின் தாய் ஜெயலக்ஷ்மி போன் செய்தாள்.

“முப்பிடாதி, நாளைக்கு எனக்கு லீவு இல்லேன்னுட்டா, கேட்டியா. ஆபீஸ்ல இப்பத்தான் சொல்றா. நீ மறுநாள் போனா ஆகாதோ?”

“எங்கம்மா காரியம்மா. அத எப்படித் தள்ளிப்போட?”

“அப்போ கொழந்தைய நான் என்ன பண்ணுவேன்?”

அந்தக் கேள்விக்கு முப்பிடாதி தாங்க மாட்டாள். மூன்று மாதப் பிஞ்சிலிருந்து சுதர்ஷனைத் தோளில் போட்டு வளர்த்தவள். உடனே பக்கத்து வீட்டு இசக்கிசெல்வியைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, நாளைக்கு எம் பிள்ளகிட்ட நீ போ. கொடியில நான் அவுத்துப்போட்ட சேல கெடக்கு. துவைக்காம அப்படியே கட்டிக்க. எம் மணம் இல்லன்னா ஒறங்க மாட்டான்.”

“யக்கா, வேர்வ நாறுமே!”

“நாறட்டும். ஒனக்கா கட்டச் சொல்லுதேன்?”

காரியம் முடிந்த அன்றே அப்பா படுத்துவிட்டார். இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. முதல் வாரம் சேலைதான் சுதர்ஷனை உறங்க வைத்தது. அப்புறம் சேலை தேவைப்படவில்லை.

பஸ் இறங்கியவள் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சுதர்ஷன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது இசக்கிசெல்வி, இடுப்பில் பிள்ளை. முப்பிடாதி இரண்டு கையையும் நீட்டினாள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு இசக்கிசெல்வியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அப்புறம் தலையைத் திருப்பி, “முப்பி” என்றான், அவளைப் பார்த்து.

அவன் வாய் திறந்து சொன்ன முதல் சொல் அது. முப்பிடாதியைப் பார்த்துச் சொன்னது.

ஜெயலக்ஷ்மி தயங்கித் தயங்கிப் பேசினாள். “தப்பா நெனைக்காதே. கொழந்தை இவகிட்ட நன்னா ஒட்டிண்டுடுத்து. மறுபடி ஆளை மாத்தினா ஏங்கிப் போயிடும். நீயே சொல்லேன்.”

முப்பிடாதி வாயில்லாதவள் இல்லை. மட்டாஞ்சேரி மீன்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பிள்ளை ஏங்கிப்போகும் என்றதும் லிப்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

லிப்ட் வரை இசக்கிசெல்வி அழுதுகொண்டே ஓடிவந்தாள். “யக்கா, நாளைக்கு நான் வரமாட்டேன். சத்தியமா. நீயே வா.”

“கூறுகெட்டவளே, நீ வராட்டா அவன் என்ன செய்வான்? உள்ள போ ஏட்டி, பிள்ள அழுவுது.”

இப்போது சந்தில் யாருக்குப் போக முடியாமல் போனாலும் பதிலுக்கு முப்பிடாதிதான் போகிறாள். காக்கநாடோ போர்ட் கொச்சியோ, எங்கே என்றாலும் சரி. ஒரே ஒரு நாள். மறுநாளும் போகச் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வாள்.