சலூன் கண்ணாடியில் இறங்கிய விமானம்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். வீடு கட்ட வாங்கியதல்ல, வைத்தியத்துக்கு வாங்கியதுமல்ல. ரிமோட்டில் பறக்கும் ஒரு குட்டி விமானத்துக்காக, ஐம்பத்தெட்டு வயதில், முழு நினைவோடு வாங்கிய கடன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். பதினோரு வயதில் கத்தரி பிடித்தேன். முப்பதில் சொந்தமாகச் சலூன் வைத்தேன். யாரும் கை தூக்கிவிடவில்லை. ஒரு நாற்காலி இரண்டானது. அந்த இரண்டாவது, மிதித்தால் உயர்ந்து தள்ளினால் சாயும் இரும்பு நாற்காலி. ஏழு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வாங்கியது. எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு எவனிடமும் இல்லை.

அந்த நாற்காலியில் மாதம் ஒருமுறை பல் டாக்டர் வந்து உட்காருவார். ஊருக்கு வெளியே புல்தரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் விடுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். ஒரு நாள் முகம் தொங்கிப்போய் வந்தார். மூன்றாவது விமானத்தையும் நொறுக்கிவிட்டாராம்.

"போறப்போ சொன்னபடி கேக்குது. திரும்பி என்னைப் பாத்து வர்றப்பதான் வலது எது இடது எதுன்னு கை குழம்பிடுது. ஒழுங்கா என்கிட்ட திரும்பி வர்ற மாதிரி யாராவது ஒண்ணு செஞ்சு கொடுத்தா இருபதாயிரம் தருவேன்."

"நிஜமாவா டாக்டர்?"

"கத்தரியைப் பாருங்க, காது போயிடப் போகுது."

அந்த ஞாயிறே புல்தரைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு சிவப்பு விமானம் என் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போனது. அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

மச்சான் பழைய மின்சாமான் கடை வைத்திருக்கிறார். ரிமோட், ரிசீவர், மோட்டார், பேட்டரி, இறக்கையையும் வாலையும் அசைக்க நான்கு குட்டி சர்வோ மோட்டார்கள், எல்லாம் அவரிடமே கிடைத்தன. கடனுக்குத்தான்.

"மாசக் கடைசிக்குள்ள பணம் வரலைன்னா உங்க ரெண்டாவது நாற்காலி என் கடைக்கு வந்துடும் மாப்ளே."

"தூக்கிட்டுப் போங்க மச்சான். உங்க இடுப்பு தாங்கினா."

ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வரும் தெர்மாக்கோலைக் கொண்டுவந்தேன். செத்துப்போன ஹேர் டிரையரின் சூட்டுக் கம்பியைப் பிரித்து, வில் மாதிரி இழுத்துக் கட்டி, பேட்டரியில் இணைத்தேன். தெர்மாக்கோல் வெண்ணெயாக அறுபட்டது. இறக்கையின் வளைவை அளவு பார்த்தா செதுக்கினேன்? பிடரியில் முடியை எப்படி இறக்குவேனோ அப்படி, கைக்கணக்கில் இழைத்தேன். மேலே டேப் ஒட்டினேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் சர்வோவை வாலோடு இணைத்தேன். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் மூக்கும் வாலும் சமமாக நிற்க வேண்டும். நின்றது. வாடிக்கையாளர் தாடையை இரண்டு விரலில் நிறுத்தும் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

வீட்டில்தான் புகைச்சல்.

"தட்டுல தெர்மாக்கோல், தலையணையில தெர்மாக்கோல். போன பிறவியில நீங்க ஃப்ரிட்ஜாதான் இருந்திருப்பீங்க" என்றாள் மனைவி.

விமானம் பறந்தது. ஆனால் வால் மட்டும் திருப்பியதால் திரும்புவதற்குள் எனக்குத் தாடி முளைத்துவிடும் போலிருந்தது. மாற்றினேன். இறக்கைகளின் பின்னோரத்தை அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக அசையும் மடல்கள் வைத்தேன். வலது மடல் எழுந்து இடது மடல் தாழ்ந்தால் விமானம் வலப்பக்கம் சாயும். மேஜையில் மூக்கு என்னைப் பார்க்கும்படி வைத்து, ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். என் வலக்கைப் பக்கத்து மடல் எழுந்தது. பிரமாதம்.

அடுத்த ஞாயிறு மச்சானையும் அழைத்துப்போய் வீசினேன். லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. முழுக்கத் தள்ளினேன். தலைகீழாகப் போய் மண்ணில் மூக்கைக் குத்தியது.

மச்சான் வாயைத் திறந்து பத்து நிமிடம் சிரித்தார். "நாற்காலிக்குச் சக்கரம் இருக்கா மாப்ளே, இல்ல நான் தள்ளுவண்டி பாக்கணுமா?"

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து உடைந்த மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன். மனைவி எதிரே குனிந்து, "என் வலது கன்னத்துல பசை தெறிச்ச மாதிரி இருக்கு, துடைச்சு விடுங்க" என்றாள். துணியை எடுத்துத் துடைத்தேன்.

"அது இடது. கல்யாணமான நாள்ல இருந்து இதே கதைதான். எதிர்ல நின்னா உங்களுக்கு எல்லாமே மாத்தித்தான் தெரியும்."

துணி கையிலேயே நின்றது. நாற்பத்தேழு வருடமாக நான் முகங்களைக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன். கண்ணாடியில் வலப்பக்கம் தெரியும் காது வலது காதேதான். அந்தப் பழக்கத்தில், நேருக்கு நேர் வைத்த விமானத்தின் இடது இறக்கையை வலது என்று எண்ணிவிட்டேன். மடல்கள் அசையும் திசையை மாற்ற ரிமோட்டில் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினால் போதும். தட்டினேன். ஆனால் எதிரே வரும்போது குழம்புமே, டாக்டருக்குக் குழம்பியதைப் போல?

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் கண் கண்ணாடிக்குப் பழகிய கண். அதற்குக் கண்ணாடியையே கொடுத்தால் என்ன?

மாதத்தின் கடைசி ஞாயிறு. சலூனின் அகலக் கண்ணாடியைக் கழற்றிப் புல்தரைக்குக் கொண்டுபோனேன். கூட்டம் கூடிவிட்டது. டாக்டரும் இருந்தார். கண்ணாடியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

"மச்சான், பிடிங்க. கண்ணாடி ஆடுச்சுன்னா உங்க பதினெட்டாயிரமும் ஆடும்."

முணுமுணுத்துக்கொண்டே நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். விமானத்தை வீசினேன். ஏறியது. தூரத்தில் புள்ளியாகித் திரும்பி எங்களை நோக்கி வந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி மச்சான் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பைத்தியமா இந்த ஆளுக்கு?" என்றது ஒரு குரல்.

கண்ணாடிக்குள் வெள்ளை விமானம் வந்துகொண்டிருந்தது. வலது இறக்கை என் வலப்பக்கம், இடது இறக்கை இடப்பக்கம். தாழ்ந்த பக்கத்தைத் தூக்கினேன், தூக்கியது. வேகத்தைக் குறைத்தேன், குறைந்தது. கண்ணாடிக்கு மேலே மச்சானின் கண்கள் மட்டும் முட்டை மாதிரி விரிந்துகொண்டே போயின.

"மாப்ளே, வருது. மாப்ளே, உங்க மேலயே வருது."

"ஆடாதீங்க மச்சான். பணம் வருது."

புல்லில் சரசரவென்று தேய்ந்து வந்து என் குதிகாலில் மெதுவாக முட்டி நின்றது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் ஓடிவந்தார். "வாய்க்குள்ள குட்டிக் கண்ணாடிய விட்டுட்டு இருபது வருஷமா நானும் கண்ணாடியில பாத்துத்தான் பல்லைத் தோண்டுறேன். எனக்குத் தோணலையே." ரிமோட்டை வாங்கி அவரே இரண்டு முறை இறக்கினார். இரண்டாவது முறை இறக்கியதும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி குதித்தார்.

மறுநாள் காலை டாக்டர் இருபதாயிரத்தைக் கொடுத்து விமானத்தை எடுத்துப்போனார். அவர் படியிறங்கவும் மச்சான் தள்ளுவண்டியோடு வரவும் சரியாக இருந்தது.

"உக்காருங்க மச்சான்" என்று அந்த இரும்பு நாற்காலியைக் காட்டினேன். "எண்ணி முடிக்கிற வரைக்கும் இது உங்களோடதுதான்."

உட்கார்ந்து கையை நீட்டினார். மிதித்து நாற்காலியை உயர்த்தி, விரிந்த உள்ளங்கையில் ஒவ்வோர் ஆயிரமாக வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தெருவுக்கே கேட்கும்படி, பதினெட்டு வரை.