முகமூடிக்காரனின் தங்கச்சி

பறக்கிறவர்கள் மேல் எனக்கு அன்றைக்கும் பெரிய மரியாதை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. சாமிப் படத்தில் சாமி பறந்தால் அதில் என்ன அதிசயம்? பறக்காவிட்டால்தான் கேட்க வேண்டும். ஆபீசில் நாலு பேரிடம் ஏச்சு வாங்கிப் பிழைக்கிற ஒருத்தன், பொழுது சாய்ந்ததும் பாறை உச்சியிலிருந்து ஓடுகிற குதிரை மேல் குதிக்கிறானா, அவனுக்குத்தான் நான் கைதட்டுவேன். யுத்த காலத்தில் அரியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் டெண்ட் கொட்டகை போட்டார்கள். அங்கே வந்த ஒரு வெள்ளைக்காரப் படம்தான் எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது.

படம் பாகம் பாகமாக வரும். ஒரு பாகம் இரண்டு மூன்று நாள் ஓடும். படப்பெட்டி வந்ததும் அடுத்த பாகம். கதாநாயகன் ஒரு தபால் ஆபீஸ் குமாஸ்தா. பகலில் ஒரு ஸ்டாம்பைக்கூட நேராக ஒட்டத் தெரியாது. இருட்டினால் கறுப்பு முகமூடி கட்டிக்கொண்டு, சாட்டையும் குதிரையுமாகக் கிளம்பி அநியாயக்காரர்களை வெளுத்து வாங்குவான். அந்த முகமூடி கண்ணைச் சுற்றி மட்டும்தான் மறைக்கும். மூக்கு, வாய், மோவாய் எல்லாம் பளிச்சென்று வெளியே தெரியும். அப்படியும் அந்த ஊரில் ஒருத்தருக்கும் அவனை அடையாளம் தெரியாது. "அந்த ஊர்ல எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அப்பாவிடம் சண்டைக்குப் போவேன். "கதைன்னா அப்படித்தான் புள்ள, சும்மா பாரு" என்பார். எனக்கு மனசு ஆறாது. கூடவே இருக்கிற ஒருத்தனை எப்படித் தெரியாமல் போகும் என்பது என் கட்சி.

படத்தில் பேசுவது இங்கிலீஷ். எங்களுக்கு எங்கே புரியும்? அதற்காகவே கொட்டகையில் கதை சொல்கிற ஆள் ஒருத்தர் இருந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். குமாஸ்தாவோடு எந்நேரமும் ஒரு பெண் இருப்பாள். குதிரை ஏறுவாள், துப்பாக்கி சுடுவாள், ஆற்றில் விழுந்தவனை இழுத்துக் கரையேற்றுவாள். "இது அவனோட கூடப்பொறந்த தங்கச்சி" என்றார் எங்கள் ஊர்க்காரர். நம்பினோம். ஒவ்வொரு சண்டையும் முடிந்து அண்ணனும் தங்கையும் நெருங்கி வந்து நிற்கும்போது திரை கறுத்துப் போகும். மைக்கில் குரல் மட்டும் வரும். "அண்ணன்காரன் தங்கச்சிக்குப் புத்திமதி சொல்றான்." நல்ல அண்ணன்தான், ஆனால் புத்திமதி கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா கண்டிப்பானவர். கூத்தாடி, டிராமாக்காரன், சினிமாக்காரன் என்றால் வாசல்படி ஏற விடமாட்டார். இந்தப் படத்துக்கு மட்டும், "அண்ணன் தங்கச்சி கதை, பொம்பளப் புள்ளைங்க பாக்கலாம்" என்று அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஆண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு என்னைவிடச் சத்தமாகக் கைதட்டுவார்.

படம் முடிந்து, கொட்டகையைப் பிரித்துக்கொண்டு திருமானூர்ப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெரம்பலூரில் கடலை மண்டியில் கணக்கு எழுதுகிறார், அடக்கமான பிள்ளை என்றார்கள். அடக்கம் என்றால் அப்படி ஓர் அடக்கம். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன பிறகு என்னிடம் அவர் பேசியது "தண்ணி" என்பதும் "வரேன்" என்பதும்தான். தினமும் சாயங்காலம் மண்டியில் சரக்கு இறங்குகிறது என்று கிளம்பிப் போய்விடுவார். எனக்குச் சப்பென்று இருந்தது. குதிரைக்காரனை எதிர்பார்த்தவளுக்கு மூட்டைக் கணக்குக்காரர் வந்து சேர்ந்தார்.

ஒருநாள் மாமியார் செட்டிகுளம் மலைக் கோயிலுக்குப் போனார், மறுநாள்தான் திரும்புவார். அவர் தலை மறைந்ததும் நாத்தனார், என் வயசுக்காரி, காதோடு வந்து சொன்னாள்: "அண்ணி, கொட்டாய்க்குப் போவலாமா? முகமூடிப் படம் ஓடுது." புது மருமகள் இப்படிப் போகலாமா என்று ஒரு பக்கம் உதறல். முகமூடி என்று கேட்டதும் இன்னொரு பக்கம் கால் தானாகக் கிளம்பிவிட்டது.

பெரம்பலூர்க் கொட்டகையில் கதை சொன்ன ஆளின் குரல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்க்காரர் மாதிரி ஒப்பிக்கவில்லை. குதிரை ஓடினால் குரலும் ஓடியது. குமாஸ்தா பயந்தால் குரலும் பதுங்கியது. "யாருடி இந்த ஆளு?" என்று நாத்தனாரைக் கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சண்டை முடிந்தது. அண்ணனும் தங்கையும் நெருங்கி வந்தார்கள். சரி, புத்திமதி ஆரம்பிக்கப் போகிறது, திரை கறுக்கும் என்று இருந்தேன். கறுக்கவில்லை. அவன் அவளை இழுத்துக் கட்டிப்பிடித்து, அந்தக் கண்ணராவியை நான் எப்படிச் சொல்வேன், வாயோடு வாய் வைத்தான். எழுந்து நின்றுவிட்டேன்.

"அட படுபாவி, அது ஒன் தங்கச்சிடா!"

கொட்டகை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மைக்கில் குரல் வந்தது. "யாரும்மா அது? அது தங்கச்சி இல்ல, அவன் பொண்டாட்டி."

"முழுப் படமும் அரியலூர்ல பாத்தவ நானு. தங்கச்சிதான். கதை தெரியலன்னா மைக்க வச்சிட்டுப் போடா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ரீல் முடிந்தது. ஒரே மெஷின் இருக்கிற கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். போட்டார்கள். மெஷினுக்குப் பக்கத்தில், காதில் மண்டிப் பென்சிலைச் செருகிக்கொண்டு, கையில் மைக்கோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அது எங்கண்ணன்" என்றாள் நாத்தனார். இப்போது அவள் சிரிக்கவில்லை.

கட்டின புருசனை, ஊர் கூடியிருக்கிற இடத்தில், போடா என்று சொல்லியிருக்கிறேன். அதைவிட அதிர்ச்சி, அந்தக் குரல் அவருடையதாக இருந்தது. இந்த மனுசனுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் அப்பா பெண் கொடுக்கமாட்டார் என்று மாமியார் வீட்டில் கமுக்கமாக இருந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

சேதி, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி அரியலூருக்குப் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் அப்பா வந்து நின்றார். செட்டிகுளத்திலிருந்து திரும்பின மாமியாருக்கும் பஸ் நிற்கிற இடத்திலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"ஊரு பூரா சிரிக்குது அண்ணே. எம்மவன வாடா போடான்னு பேசிட்டா. ஒங்க பொண்ண நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் மாமியார்.

"நீங்க சொல்லாட்டியும் கூட்டிட்டுத்தான் போவேன் தங்கச்சி. கொட்டாயில கத்துறவனுக்கு நான் பொண்ணு குடுக்கல. மண்டிக் கணக்குப்புள்ளைக்குத்தான் குடுத்தேன்" என்றார் அப்பா.

கல்யாணத்தில் பந்திக்கு யார் முந்தி உட்காருவது என்பதில்கூட ஒத்துப்போகாத சம்பந்திகள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழாவெட்டி என்ற பேரோடு நான் அரியலூரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் முடிவு. கொட்டகையே அதிரக் கத்தினவளுக்கு அங்கே வாய் திறக்கவில்லை. போக எனக்கு இஷ்டமில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. "ஏன் மாப்ள மறைச்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அது கெடக்கட்டும்." அப்பா அடக்க முடியாமல் கேட்டார்: "படத்துல வர்ற அந்தப் புள்ள நெசமாவே அவன் பொண்டாட்டியா?"

"இல்லைங்க. இங்கிலீஷ்ல இன்னும் கல்யாணம் ஆவல. கட்டிப் புடிச்சிக்கிறாங்களேன்னு நான்தான் பண்ணி வச்சேன்."

அப்பா எழுந்துவிட்டார். "அரியலூர்ல தங்கச்சின்னு சொன்னானே? புத்திமதின்னு சொன்னானே?"

"அந்த எடத்துல மெஷின்காரர் லென்சு மேல கைய வச்சு மறைச்சிருப்பாருங்க."

அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். எத்தனை பாகம், எத்தனை புத்திமதி. அத்தனைக்கும் கைதட்டினவர் அவர். முகமெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு.

அரியலூர் பஸ் காலையில்தான். என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. சாயங்காலம் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானே கண்ணால பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். ஊருக்குப் போகிறவள் தொலைந்து போகட்டும் என்று மாமியார் தடுக்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு மாற்றியிருந்த புதுப் பாகத்தில் அரியலூரில் எதையெல்லாம் மறைத்தார்கள் என்று பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது.

அந்தப் பாகத்தில் அந்தப் பெண் முகமூடியைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடுகிறாள். உள்ளே குமாஸ்தா. அரியலூரில், "தங்கச்சிக்கு முன்னாலயே தெரியும், சும்மா வெளையாடுறா" என்று சொல்லித் தாண்டிவிட்டார்கள். இங்கே திரையில் அவள் முகம் அதிர்ந்து போயிருந்தது. நன்றாகவே தெரிந்தது. அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். மைக்கில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் பேசினார்.

"அவ கேக்குறா, நீங்கதானா அதுன்னு. ஆமாங்கிறான். கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும், சொல்லல. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயம். அம்மாம் பெரிய பாறையிலேருந்து குதிக்கிறவனுக்கு அதுல பயம். பகல்ல இருக்கறதும் நான்தான், ராவுல வர்றதும் நான்தான், ரெண்டும் பொய்யில்லங்கிறான். மறைச்சது தப்புங்கிறான். அவ ஏசுனதுல தனக்குக் கோவமில்லங்கிறான்."

கொட்டகையில் பீடி பற்ற வைக்கிற சத்தம்கூட இல்லை. பெரம்பலூரில் எல்லாருக்கும் விஷயம் தெரியுமே. ஆண்கள் பக்கத்தில் அப்பாவின் முதுகு தெரிந்தது, அசையவில்லை. திரையில் அந்தப் பெண் பதில் பேசத் தொடங்கினாள். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மைக்கில் ஒன்றும் வரவில்லை.

"அவ என்ன சொல்றா? சொல்லுய்யா" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"தெரியலைங்க" என்றார் மைக்கில்.

மறுபடியும் எழுந்து நின்றேன்.

"முகமூடி இருந்துட்டுப் போவட்டுங்கிறா. இனிமே கெளம்பறப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போங்கங்கிறா."

யாரும் சிரிக்கவில்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் அவர், "அப்படித்தான் சொல்றாங்க" என்று மெதுவாகச் சொன்னார். திரையில் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசலில் இருந்த என் பெட்டியைத் தாண்டித்தான் இறங்கினார், அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மாமியார் உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர்தான் அவரோடு பஸ் வரைக்கும் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனை திரும்பும் முன்னால் அப்பா நின்று, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க ஊர்ல திரும்பக் கொட்டாய் போட்டாங்கன்னா, தங்கச்சின்னு சொன்ன அந்த ஆளு வேணாம் மாப்ள. நீங்க வந்து கதை சொல்லுங்க."